பழைய பஸ் நிலையத்தில் வரப்போகும் கட்டடம்: நன்மையை எழுத்தில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் நகரத்தின் பழைய பஸ் நிலையமும் அதை ஒட்டிய சந்தையும் இருக்கும் காணியில், கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேலே ஹோட்டலும் தொடர்மாடி வீடுகளுமாக ஒரு பெரிய கட்டடம் வரப்போவதாக உங்கள் பத்திரிகையில் படித்தேன். வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. ஒதுங்கி நிற்க இடமில்லாத பஸ் நிலையம், காலை வைக்க முடியாத மலசலகூடம், மழை பெய்தால் சேறாகிவிடும் மரக்கறிச் சந்தை எல்லாம் மாற வேண்டும் என்று எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் செய்தியில் சமூகத்துக்குப் பெரும் நன்மை கிடைக்கும் என்று ஒரு வரி இருந்தது. யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று ஒன்றுமே இல்லை.

இந்த நகரத்துக்கு வந்து போகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறவர்கள். சம்பளம் கிடைத்ததும் வந்து அரிசி, மா, பிள்ளையின் சப்பாத்து, வங்கி, அடகுக்கடை, மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற சனம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். இப்படியான சம்பளத்தை வைத்துக்கொண்டு குளிரூட்டிய கடைத்தொகுதியில் என்ன வாங்குவது? நடைபாதையில் சாக்கை விரித்து மரக்கறி விற்கும் அக்காவிடம்தான் வாங்குவார்கள். அந்த அக்காவுக்குப் புதிய கட்டடத்தில் ஒரு இடம் உண்டா? இப்போது சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் கட்டட வேலை முடியும் வரை எங்கே போவார்கள், திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு? பழைய கட்டடத்தை உடைப்பதற்கு முன்பே இதெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி இருக்க வேண்டும். உடைத்த பிறகு பேசலாம் என்றால் அவர்களிடம் பேசுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு விஷயம், இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பஸ் நிலையத்தைத் திருத்துவதும் மலசலகூடம் கட்டுவதும் எப்படியும் செய்ய வேண்டிய வேலைகள், இந்தக் கட்டடம் வராவிட்டாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். அதையெல்லாம் முதலீட்டாளர் தரும் நன்மை என்று கணக்கில் சேர்ப்பது சரியில்லை. காணி பொதுக்காணி. அதை எத்தனை வருடக் குத்தகைக்கு, என்ன தொகைக்குக் கொடுக்கிறோம் என்பதை ஒரு பக்கம் வைத்து, இந்தக் கட்டடத்தால் மட்டும் புதிதாக வருவது எது என்பதை மறுபக்கம் வைத்துப் பார்த்தால்தான் லாபமா நட்டமா என்று தெரியும்.

வேலைவாய்ப்பும் அப்படித்தான். கட்டும்போது கிடைக்கும் கூலி வேலை கட்டி முடித்ததும் போய்விடும். சேமலாப நிதியோடு நிரந்தர வேலை எத்தனை, கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கும் எங்கள் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வருகிற அளவுக்குச் சம்பளம் இருக்குமா என்று சொல்லட்டும். தொடர்மாடி வீடுகளை யார் வாங்கப் போகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான், தோட்டத்து லயன் காம்பராவில் இருக்கும் குடும்பம் வாங்கப் போவதில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து போர்டிங் கிடைக்காமல் அலையும் ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் நியாயமான வாடகையில் சில வீடுகளையாவது ஒதுக்கினால், அதை நான் நன்மை என்று ஒத்துக்கொள்வேன்.

அப்புறம் மண். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கிப் போட்டதையும் நேரில் பார்த்த சனம் நாங்கள். சரிவை வெட்டி இத்தனை மாடி எழுப்பினால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், கீழேயிருக்கும் வீடுகளுக்கு என்ன ஆகும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வெளியிட வேண்டும். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடந்தால் அந்த அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் கிடைக்கும். ஆனால் ஹோட்டல்களில் பொதுவாக 99 அறைகளைத் தாண்டுபவைதான் அந்த மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் வருகின்றன. இது சிறிய ஹோட்டல், அது தேவையில்லை என்று தட்டிக்கழித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மக்களிடம் கேட்கத் தடையில்லையே.

அறிக்கைகளையும் ஒப்பந்தத்தின் வரைவையும் தமிழிலும் சிங்களத்திலும் நகரத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். மக்கள் கூட்டத்தை வேலைநாளில் காலை 10 மணிக்கு வைத்தால் கொழுந்து எடுக்கிற ஒருவரும் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கேட்டும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். கிடைக்கும் பதிலை உங்களுக்கும் அனுப்புகிறோம், தயவுசெய்து அதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்