ஓரிரு இடங்களில்

அன்புள்ள ராமு,

நலம்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே சரோஜாவும் நானும் சுகம். பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்றா?

தை மாதம் போனில் பேசியதுதான் கடைசி. அன்றைக்கு நீ வரப்பில் நின்றுகொண்டு பேசினாய். நாலு ஏக்கரும் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது, கதிரிலேயே முளைவிட்டுவிட்டது என்றாய். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “முப்பத்துநாலு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நீ. ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்கிறார்களே, அது என்னடா கணக்கு?” என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நீயும் வைத்துவிட்டாய். ஏழு மாதமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். பதில் இல்லாமல் உனக்கு எழுத மனசு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், திண்ணையில் உட்கார்ந்து படி. கோவிந்தன் வந்தால் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு அவனையும் கேட்கச் சொல்.

முதலில் நேர் பதில். நீ மழுப்பல் என்று நினைத்த அந்தச் சொல் ஒரு எண்ணிக்கை. ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்கள் நூறு இருப்பதாக வைத்துக்கொள். அவற்றில் 25 வரை நனைந்தால் ‘ஓரிரு இடங்களில்’. 50 வரை என்றால் ‘ஒருசில இடங்களில்’. 75 வரை ‘அநேக இடங்களில்’. அதற்கும் மேலே போனால் ‘பெரும்பாலான இடங்களில்’. சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டுவந்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எண் நின்றிருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லவில்லை. இது தெரிந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணாகவே சொல்லியிருந்தால் அன்று நீ அறுவடை இயந்திரத்துக்கு ஆள் அனுப்பியிருப்பாயோ என்னவோ. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாளைய மழையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று 1904-ல் எழுதியவர் நார்வேக்காரர், வில்ஹெல்ம் பியர்க்னஸ். இன்றைக்குக் காற்று எப்படி இருக்கிறது, அது எந்த விதிப்படி மாறுகிறது, இந்த இரண்டும் சரியாகத் தெரிந்தால் நாளைய நிலை தானே வந்துவிடும் என்றார். விதிகளெல்லாம் நியூட்டன் காலத்திலிருந்து வந்த பழைய இயற்பியல்தான். நீ பியூசியோடு விட்டுவிட்டாலும் உனக்கு அது புரியும், ஏனென்றால் தினமும் நீ செய்கிற வேலைதான் அது. ஒரு வயலில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எப்படிச் சொல்கிறாய்? மேல்மடையில் வருவது எவ்வளவு, கீழ்மடையில் போவது எவ்வளவு என்று பார்க்கிறாய். வானத்தையும் அப்படியே வரப்புப் போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். மேலே மேலே அடுக்குகளும் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் என்று எண்கள். பக்கத்துக் கட்டத்திலிருந்து வருவதைக் கூட்டி, போவதைக் கழித்தால், இன்னும் சில நிமிடத்தில் என்ன ஆகும் என்று தெரியும். அதை வைத்து அதற்கடுத்த சில நிமிடம். இப்படியே அடியடியாக நாளை வரை போகலாம்.

இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். ராமு, இவரைப் பற்றி யாரிடமாவது பேசாமல் இருக்க முடியவில்லை. சரோஜா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர், ஆயுதம் தொட மாட்டேன் என்றவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி எடுக்காமல் பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அடிபட்டவர்களை ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பி, குளிரில், வைக்கோல் குவியலின்மேல் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டார். நாம் அப்பாவு சார் வகுப்பில் புரட்டிய மடக்கை அட்டவணையும் நழுவு கோலும்தான் கருவி. 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் பல ஊர்களில் பலூன் விட்டு மேல்காற்றை அளந்திருந்தார்கள். அந்த எண்களை எடுத்துக்கொண்டு, ஜெர்மனியில் மியூனிக் பக்கம் 200 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களில் ஆறே மணி நேரத்தில் என்ன மாறும் என்று கணக்கிட்டார். அந்த ஆறு மணி நேரத்துக்கு அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. நடுவில் 1917-ல் ஷாம்பெயின் சண்டையின்போது கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், சில மாதம் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

விடை என்ன தெரியுமா? ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. மில்லிபார் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு. கடல்மட்டத்தில் சராசரி அழுத்தமே 1013 மில்லிபார்தான். இப்படி ஒரு ஏற்றத்தை உலகத்தில் யாரும் கண்டதில்லை. அன்றைக்கு அங்கே அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

அதை அவர் மறைக்கவில்லை. 1922-ல் புத்தகம் போட்டார், அந்தத் தப்பான விடையையும் அதற்குப் போன ஒவ்வொரு படியையும் அட்டவணையோடு அச்சிட்டார். விடை தப்பு என்று தெரிந்ததும் ரப்பரைத் தேடாத பிள்ளையை முப்பத்துநாலு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

அச்சில் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் தப்பு எங்கே என்று தேட முடிந்தது. சமன்பாடுகள் சரி. ஆரம்ப எண்களில்தான் கோளாறு. ஒரு பாக்கு மூட்டையின் எடை தெரிய வேண்டும் என்று, மூட்டையோடு ஒரு தடவை, மூட்டை இல்லாமல் ஒரு தடவை லாரியை எடைமேடையில் ஏற்றினால் என்ன ஆகும்? மேடை ஐம்பது கிலோ முன்னே பின்னே காட்டினாலே மூட்டை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். காற்றழுத்தமும் அப்படி. ஒரு கட்டத்துக்குள் வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் பெரிய பெரிய எண்கள், நமக்கு வேண்டியது அவற்றின் சின்ன வித்தியாசம். பலூன் அளவில் இருந்த சின்னப் பிழைகள், குளத்தில் கல் விழுந்த மாதிரி, இல்லாத அலைகளைக் கணக்கில் எழுப்பிவிட்டன. அந்த நொடியில் அலை ஏறிய வேகத்தை வைத்து ஆறு மணி நேரமும் அப்படியே ஏறும் என்று பெருக்கினால் 145 வராமல் என்ன செய்யும்? அயர்லாந்தின் வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் பிற்காலத்தில் அதே எண்களை எடுத்து, அந்தப் பொய் அலைகளை மட்டும் தணித்துவிட்டு, அதே முறையில் போட்டுப் பார்த்தார். மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது.

ரிச்சர்ட்சன் ஒரு கனவும் எழுதி வைத்தார். உலகப் படம் வரைந்த வட்டமான பெரிய மண்டபம், அதில் 64,000 பேர், ஆளுக்கொரு துண்டு வானம். நடுவில் உயரமான மேடையில் ஒருவர் நின்று, முந்திப் போகிறவர்கள்மேல் சிவந்த ஒளியும் பிந்துகிறவர்கள்மேல் நீல ஒளியும் பாய்ச்சி எல்லாரையும் ஒரே சீராக நடத்துவார். வெளியே விளையாட்டுத் திடல், மலை, ஏரி எல்லாம் வேண்டுமாம், வானத்தைக் கணக்கிடுகிறவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதற்காக. 1920-ல் அவர் வேலை பார்த்த வானிலைத் துறையை விமானப்படை சார்ந்த அமைச்சகத்தின்கீழ் கொண்டுபோனார்கள். மனசாட்சி ஒப்பவில்லை, வேலையை விட்டுவிட்டார். அப்புறம் போர்கள் ஏன் மூள்கின்றன என்பதையே கணக்கில் ஆராயப் போனார். 1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் ஒரு நாள் முன்கணிப்பைப் போட்டார்கள். அந்த ஒரு நாளுக்கு இயந்திரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது. வானிலையும் கணக்கும் அன்றுதான் சரிக்குச் சரியாக ஓடின. அந்த முடிவுகளைப் பார்த்துப் பாராட்ட அவர் உயிரோடு இருந்தார். 1953-ல் போய்விட்டார்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் தப்புகிறது? அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1961-ல் கண்டது அதற்குப் பாதிப் பதில். கணினியில் போட்ட பழைய வானிலைக் கணக்கொன்றைத் திரும்ப ஓட்ட, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் விடை முற்றிலும் வேறு திசையில் போயிருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம், போகப் போக வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. மீதிப் பதில் கட்டத்தின் அளவில் இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் கட்டமே 9 கிலோமீட்டர். உன் வயலும் உன் மச்சான் வயலும் ஒரே கட்டத்துக்குள் விழும். அவருக்குப் பெய்து உனக்குப் பெய்யாத மழையை அந்தக் கட்டத்தால் பிரித்துக் காட்ட முடியாது.

அதனால் 1992 முதல் ஒரே கணக்கை நம்பாமல், ஆரம்ப எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையத்தில் 51 தடவை. நம் நாட்டிலும் 2018-ல் 12 கிலோமீட்டர் கட்டத்தில் 21 கணக்குகள் என்று ஆரம்பித்தார்கள். 51-ல் 15 மழை காட்டினால் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம்.

இப்போது உன் விஷயம். 30 சதவீதம் என்றால் ‘வராது’ என்றுதான் நீயும் எடுத்துக்கொள்வாய், நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன். கணக்கு வேறு சொல்கிறது. ஐந்து நாள் முன்னாலேயே அறுத்தால், ஈரப்பதம் கூடுதல் என்று விலை குறைத்து, இயந்திர வாடகையும் ஏறி, ஏக்கருக்கு 4,000 ரூபாய் கையை விட்டுப் போகும் என்று வைத்துக்கொள். அறுக்காமல் விட்டு மழையில் சாய்ந்தால் 25,000 போகும். நாலை இருபத்தைந்தால் வகு: 16 சதவீதம். பெருமழைக்கான வாய்ப்பு 16-க்கு மேலே போனாலே அறுத்துவிடுவதுதான் லாபம். பத்து வருஷத்தில் சில வருஷம் வீணாக முன்கூட்டி அறுத்திருப்பாய், மொத்தத்தில் கையில் மிஞ்சும். இந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு. உளுந்துக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று, மச்சானுக்கு வேறு ஒன்று. வானிலைக்காரர் உனக்காக அதைப் போட முடியாது, உன் செலவு அவருக்குத் தெரியாது. உன் உண்மையான தொகைகளை எழுதி அனுப்பு, நான் போட்டுத் தருகிறேன். ‘ஓரிரு இடங்களில்’ என்பது மட்டும் இதற்குப் போதாது. எத்தனை இடம் என்று அது சொல்லும், தூறலா பெருமழையா என்று சொல்லாது. சதவீதமும் அளவும் சேர்த்துக் கேள்.

தை மாதம் போனது எதுவும் இதனால் திரும்பி வராது, அது எனக்குத் தெரியும். அன்று என்னிடம் பதில் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

இன்னொன்று. உங்கள் அப்பா மழை பெய்த ஒவ்வொரு நாளும் முற்றத்துச் செம்பில் விரல் விட்டு அளந்து, தேதி போட்டு எழுதி வைப்பாரே, நீல அட்டை நோட்டு. நாம்கூட அதில் கையெழுத்துப் போட்டுப் பழகி அடி வாங்கினோம். ரிச்சர்ட்சனுக்குக் குறையாகப் போனதே சரியான அளவுகள்தான். பரணில் இருக்கும், கரையான் ஏறுவதற்குள் எடுத்து வெயிலில் போட்டு வை. அந்தச் செம்பையும் தேடு. அதன் வாய் அகலமும் உள்வடிவமும் தெரிந்தால் விரலை மில்லிமீட்டராக மாற்றிவிடலாம். ஐப்பசியில் அடைமழை பிடிக்குமுன் வருகிறேன், அளவுகோல் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வேணு