ஒரு சாண் தூரம்

அன்புள்ள அம்மு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவைக் கடையில் உட்கார்ந்து ஹெட்போனில் மூன்று தடவை கேட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். கல்யாணி ஆலாபனையில் நீ மேல் ஷட்ஜத்தில் நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் வீணை ஆரம்பித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "கமகத்தோட வாலைக் காணோமே" என்றாள்.

அது உன் விரலின் குறை இல்லை. போன் என்பது பேசுவதற்காகச் செய்த சாமான். பேச்சு போக, ஒரே சீராக ஒலிக்கிற எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும். தந்தியை இழுத்து விட்ட பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து போகிறதே அந்த நாதம், அதையும் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. அதனால் மைக் வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில்: வாங்கு. தள்ளிப் போடாதே. ஆனால் எது வாங்கலாம் என்று நீ எழுதி அனுப்பிய மூன்று மைக்கில் எதுவும் வேண்டாம்.

யூஎஸ்பி மைக்கை நேராக லேப்டாப்பில் செருகிவிடலாம், சுலபம்தான். ஆனால் நாளைக்கு மிருதங்கத்துக்கு இன்னொரு மைக் வேண்டும் என்றால் அதோடு சேர்த்து ஓட்டுவது பெரும்பாடு. மூவாயிரத்துக்கு ஸ்டாண்டும் வலையும் சேர்த்து வரும் 'செட்' வேண்டவே வேண்டாம். மூன்றாவது நல்ல மைக், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒதுக்கி வைத்திருக்கும் 25,000 ரூபாயை அது ஒன்றே விழுங்கிவிடும். மைக் மட்டும் இருந்து என்ன செய்வாய்? மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, கேபிள், ஸ்டாண்ட், காதை மூடுகிற ஒரு ஹெட்போன் எல்லாம் வேண்டுமே.

ஷூர் எஸ்எம் 57 வாங்கு. உனக்கு அது புதிதில்லை. கச்சேரி மேடையில் நான் மிருதங்கத்துக்கு வைப்பேனே, உருண்டைத் தலை இல்லாமல் மழுங்கிய முனையோடு, அதுதான். 1965-இல் வந்த மைக், இன்னும் விற்கிறார்கள். அடுத்த வருஷம் வந்தது எஸ்எம் 58, பாடகர்கள் கையில் பார்க்கிற வலைத் தலை மைக். இரண்டுக்கும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான், வேறுபாடு தலையில். அமெரிக்க ஜனாதிபதி பேசுகிற மேசையில் இரண்டு நிற்பதை டிவியில் பார்த்திருப்பாய், அதுவும் 57தான். டிரம்ஸ் முன்னாலும் கிட்டார் பெட்டி முன்னாலும் உலகம் முழுக்க இதைத்தான் வைக்கிறார்கள். எவ்வளவு பலமாக வாசித்தாலும் சத்தம் உடையாது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பாட்டுக்கும் இது போதுமா என்று நீ கேட்பாய். போதும். 58-க்குள் ஸ்பாஞ்ச் இருக்கிறது, 57-இல் அது இல்லை. அதனால் 'ப', 'ம்ப' வரும்போது காற்று நேரே இடித்து டப்பென்று கேட்கும். அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் தொப்பி போட்டால் சரியாகிவிடும். வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்துக்குச் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. 58 வாங்கினால் வீணைக்குப் பக்கத்தில் கொண்டுபோக அந்த உருண்டைத் தலை இடைஞ்சல் பண்ணும். பாட்டும் வாத்தியமும் ஒரே மைக்கில் வேண்டும் என்றால் 57தான் என் கை போகிற இடம்.

கண்டென்சர் மைக் வாங்கினால்தான் ஸ்டுடியோ சுத்தம் வரும் என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது தப்பில்லை. 57 டைனமிக் என்ற வகை. டைனமிக் மைக்குக்குள் ஒரு சின்னச் சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டது மாதிரி. அந்தச் சுருளையும் சேர்த்து அசைக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். கண்டென்சரில் சுருள் கிடையாது, மின்னேற்றிய மெல்லிய சவ்வுதான். அதற்கு 48 வோல்ட் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், ஆனால் லேசாகக் காற்று பட்டாலே பேசும். ஒரே அளவு சத்தத்துக்கு 57 தருவது 1.6 மில்லிவோல்ட் என்றால், ஆடியோ-டெக்னிகா ஏடி 2020 என்ற கண்டென்சர் 14 மில்லிவோல்ட் தருகிறது. உச்சியில் இருக்கும் மினுமினுப்பும் அதில்தான் நன்றாக விழும். வீணைக்கு அந்த மினுமினுப்பு அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் அறையை நினைத்துப் பார். போன தீபாவளிக்குப் புனேவுக்கு வந்தபோது இரண்டு ராத்திரி அந்த அறையில்தான் படுத்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து வீட்டில் காலை ஆறு மணிக்கே குக்கர், நாலு பக்கமும் வெறும் சுவர். "கண்டென்சர் தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடும்" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். அது பாதிதான் உண்மை. எந்த மைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு தெருவுக்குப் போவதில்லை. கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாடுகிறோம், டைனமிக்கை நாலு விரற்கடையில் வைத்துப் பாடுகிறோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் உன் குரல் 6 டெசிபல் இறங்கும். ஆட்டோவும் குக்கரும் இறங்காது, அறை முழுக்க இருக்கிற சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவா, அறை தானாகப் பின்னால் போய்விடும். 57 அப்படிப் பக்கத்தில் வைக்கவே பிறந்த மைக்.

பக்கத்தில் வைத்தால் ஒரு விளைவு உண்டு, அதையும் தெரிந்துகொள். இந்த மாதிரி முன்பக்கம் மட்டும் கேட்கிற மைக்கில் நெருங்க நெருங்க கீழ் ஸ்வரங்கள் கனத்துக்கொண்டே போகும். உன் மந்திர ஸ்தாயிக்கு அது கொஞ்சம் சதை கொடுக்கும், அளவு மீறினால் குடத்துக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். பாட்டுக்கு நாலு விரற்கடையிலிருந்து ஒரு சாண் வரை வைத்துக்கொண்டு, கீழே இறங்கும்போது அரை விரல் முன்னாலும், மேலே போகும்போது ஒரு சாண் தூரம் வரை பின்னாலும் போ. மேடையில் பெரிய வித்வான்கள் தலையை அசைப்பதைத் தாளத்துக்கு என்று நினைப்போம். பாதி நேரம் மைக்குக்காகத்தான் அசைக்கிறார்கள்.

வீணைக்கு வருகிறேன். அம்மாவை உட்கார வைத்து நேற்று ஒரு மணி நேரம் இதே வேலையாக இருந்தேன். தந்திகள் ஏறி நிற்கிற குதிரைக்கு நேர் மேலே வைத்தால் தந்தியின் கொரகொரப்பு மட்டும் விழுகிறது. குடத்தை ஒட்டி வைத்தால் மரம் முழங்குகிறது, ஸ்வரம் தெளியவில்லை. மெட்டுகள் முடிகிற இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே, ஒரு சாண் உயரத்தில், முன்பக்கமிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தபோது, "இது என் வீணை" என்றாள். நீயும் அங்கிருந்து ஆரம்பி, பிறகு விரல் விரலாக நகர்த்திக் கேட்டுக்கொள். இன்னொரு லாபம் பார்: 57-க்கு வால் பக்கம், அதாவது கேபிள் செருகுகிற பக்கம், காது மந்தம். மைக் கீழே பார்த்தால் வால் மின்விசிறியைப் பார்க்கும். இருந்தாலும் விசிறியை நிறுத்திவிட்டே வாசி. பாடும்போது வால் ஜன்னலைப் பார்க்கட்டும்.

வீணை சன்னமான வாத்தியம், 57 சோம்பேறி மைக். இரண்டும் சேரும்போது இன்டர்ஃபேஸ் நல்ல உரமாக இருக்க வேண்டும். 60 டெசிபலுக்குப் பக்கத்தில் கெயின், அதாவது சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற பலம், தரக்கூடியதாகப் பார், அதற்குக் குறைந்தால் முழுக்கத் திருக வேண்டிவரும், உஸ் என்ற சத்தம் அடியில் ஓடும். 48 வோல்ட் பொத்தானை இந்த மைக்குக்குத் தொடாதே, தேவையில்லை. 24 பிட்டில் பதிவு செய். சத்த அளவு காட்டுகிற மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஏறி இறங்கினால் போதும். சிவப்பைத் தொட்ட வரியை எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது.

தம்புரா ஆப்பை அறையில் ஓடவிடாதே, ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடு. அதைத் தனியாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு வரியைத் திருத்தி ஒட்டும்போது சுருதி வெட்டு வெட்டாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் வாசிக்க வரும் பையனுக்கு, இந்த ஒரே மைக்கை முன்னால் ஒன்றரை முழத்தில், வலது முகமான வலந்தலைப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி வை. இடது முகமான தொப்பியின் கும்கி நாதம் வேண்டிய அளவு தானாக வந்து சேரும்.

வாங்கும்போது கவனம், இதை அழுத்திச் சொல்கிறேன். 2004-இல் ஒரு கோயில் திருவிழாவுக்காக, பெரிய ஊரில் ஒரு கடையில் பாதி விலைக்கு 58 கிடைக்கிறது என்று நாலு வாங்கி வந்தேன். முதல் நாள் கச்சேரியிலேயே பாடகர் கை மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் இடி இடித்தது. குரல் தகரத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மறுநாள் எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அசல் 58 ஏறத்தாழ 300 கிராம். இது 200-ஐக்கூடத் தொடவில்லை. தலையைத் திருகினால், அதிர்ச்சி தாங்கவேண்டிய ரப்பர் இல்லை, சும்மா ஒட்டி வைத்திருந்தார்கள். அன்று அந்தப் பாடகர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவும் இல்லை. 57-க்கும் இதே போலப் போலிகள் சந்தையில் நிறைய. அசல் 284 கிராம் இருக்கும். அங்கீகரித்த டீலரிடம் பில் போட்டு வாங்கு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று யார் சொன்னாலும் போகாதே.

நீ ஒதுக்கிய பணத்தில் மைக் பாதிக்கும் கீழேதான் பிடிக்கும். இன்டர்ஃபேஸ் அதே அளவு. கேபிளும் ஹெட்போனும் மிச்சத்தில் அடங்கிவிடும். ஒரு வருஷம் இதோடு இரு. பிறகு அமைதியான வீடு கிடைத்தால், அப்போது கண்டென்சரை இரண்டாவது மைக்காக நானே வாங்கித் தருகிறேன். 57 அப்போதும் பெட்டிக்குப் போகாது.

ஸ்டாண்ட் வாங்காதே. கடைகளில் பெரும்பாலும் விற்பது நின்று பாடுகிறவர்களுக்கான உயரம், தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நமக்குக் குட்டை வேண்டும். நம் கடையிலிருந்து இரண்டு குட்டை ஸ்டாண்டும் ஒரு ஸ்பாஞ்ச் தொப்பியும் நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். கூடவே பவானி ஜமக்காளம் ஒன்று வரும், அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். அதைத் தரையில் விரிக்காதே. நீ உட்காரும்போது உன் முதுகுக்குப் பின்னால் கொடியில் தொங்கவிடு, மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். மிச்சத்துக்கு அலமாரிக் கதவைத் திறந்து வை, புடவைகள் பார்த்துக்கொள்ளும்.

மைக் வந்த அன்றைக்கே பாட்டு பாட வேண்டாம். முதலில் ஒரே ஒரு காந்தாரத்தை இழுத்து, அது தானாக அடங்கும் வரை கையை எடுக்காமல் இருந்து, அதை மட்டும் பதிவு செய்து அனுப்பு. அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள்.

பார்சலில் வரும் கறுப்பு ஸ்டாண்டின் நடுத் திருகை ரொம்ப முறுக்காதே, மரை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா