நன்றியை வாங்க மறுத்தவர்களுக்கு

ரிஷிகேசம் முதல் பத்ரிநாத் வரை எங்களுக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமம். போன செப்டம்பரில், 69 வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு உங்கள் மலைகளுக்கு வந்து போனவன். ஊர் திரும்பி மாதங்கள் ஆகியும் ஒரு கடன் மனதில் அப்படியே நிற்கிறது. அங்கே யாருக்கு நன்றி சொல்லப் போனாலும் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சீக்கியர்களின் குருத்வாராவில் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் லங்கரில், ரொட்டி போட்டவரைக் கும்பிட்டேன். விரலை மேலே காட்டி “வாஹேகுரு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கம்பளி கொடுத்த பையனிடம் பணம் நீட்டினேன்; உண்டியல் இருக்கும் பக்கத்தைக் காட்டினான். சொல்லாத நன்றி தொண்டையில் நிற்பது நல்லதல்ல என்று அம்மா சொல்கிறார். அதனால் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் ஏன் வந்தோம் என்பதை உங்களில் பலரிடம் என் அரைகுறை இந்தியில் சொல்ல முடியவில்லை. என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு பல வருடம் ஒரே முகாமில் இருந்த நண்பர் ஒரு சர்தார்ஜி. ஓய்வு பெற்றதும் இரண்டு குடும்பமாக, மலைமேல் குளக்கரையில் இருக்கும் சீக்கியர் தலமான ஹேம்குண்ட் சாகிப் போவோம், அப்படியே பத்ரிநாத்தும் பார்ப்போம் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். முதலில் சர்தார்ஜி காலமானார். மூன்று வருடம் முன்பு அப்பாவும் போய்விட்டார். பத்ரியில் பிரம்ம கபாலத்தில் அப்பாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தக் குளத்தையும் பார்த்துட்டு வரலாமாப்பா?”

ரிஷிகேசத்தில் வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தவர் கிளம்ப வேண்டிய காலையில் போனை எடுக்கவில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. இரவு தங்கியிருந்த குருத்வாரா வாசலில் பெட்டிகளோடு நின்றவர்களைப் பார்த்து, “மாதாஜி எங்கே போகணும்?” என்று கேட்டது லூதியானாவிலிருந்து வந்திருந்த உங்கள் குடும்பம்தான். வேனில் இடமே இல்லை. உங்கள் பைகளை எல்லாம் மேலே ஏற்றிக் கட்டி, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் இடம் பண்ணினீர்கள். ஹேம்குண்ட் போகும் வழி பிரிகிற கோவிந்த்காட் வரை சுமார் 270 கிலோமீட்டர். டீசலுக்குப் பணம் கொடுத்தபோது வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்து மடக்கி என் சட்டைப்பைக்குள்ளேயே வைத்தார்.

தேவபிரயாகை வந்தபோது அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். பாகீரதியும் அளகநந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். பெரியாழ்வார் ‘கண்டமென்னும் கடிநகர்’ என்று பாடிய ஊர் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குப் பெரியாழ்வார் சொந்தத் தாத்தா மாதிரி. சாலையோரத்தில் நின்று, கீழே இரண்டு நிறமாக வரும் தண்ணீரைப் பார்த்தபடி அந்தப் பாசுரங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மா முடிக்கும் வரை கைகூப்பி நின்றார். பாட்டி, அதை அம்மா இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வேனில்தான் பெரியவரிடம் இன்னொன்றும் கேட்டேன். பிரம்ம கபாலத்தில் அப்பாவோடு சேர்த்து அவருடைய நண்பருக்கும் ஒரு பிண்டம் வைக்கலாமா? பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, எங்கள் மரபில் சிரார்த்தம் கிடையாது மகனே, உன் மனது எனக்குப் புரிகிறது, ஹேம்குண்டில் அர்தாஸ் என்ற பிரார்த்தனை நேரத்தில் அவர் பெயரை நினைத்துக்கொள், லங்கருக்கு முடிந்ததைக் கொடு, அது அவரைச் சேரும் என்றார். தெரியாத்தனமாக நான் செய்ய இருந்த ஒன்றைக் கோபப்படாமல் திருத்தியதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஜோஷிமடத்துக்கு முன்னால் மண் சரிந்து நாலு மணி நேரம் நின்றோம். மேலே இருந்து கல் உருண்டுகொண்டிருக்கும்போதே ஜேசிபியை உள்ளே விட்டு வழி எடுத்தாரே ஒரு டிரைவர், அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அவருக்கும் நன்றி. கோவிந்த்காட்டில், யாத்திரைப் பதிவுச் சீட்டில் அம்மா பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று தவித்தபோது இரண்டே நிமிடத்தில் சரிசெய்து தந்த பையனுக்கும் நன்றி. 2013 ஜூன் வெள்ளத்தில் ஆற்றுப் பாலமும் வண்டிகளும் கட்டடங்களும் போன ஊர் அது. அங்கே திரும்பவும் அடுப்பு மூட்டி வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறவர்களை நேரில் பார்த்தேன்.

இனி எழுத வேண்டியது உங்களைப் பற்றி, அண்ணா. என்னைவிட இளையவராகத்தான் இருப்பீர்கள், ஆனாலும் அப்படித்தான் கூப்பிடத் தோன்றுகிறது. நேபாளத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் சுமை தூக்க வருவதாகச் சொன்னீர்கள்.

புல்னா வரை ஜீப் போகிறது. அங்கிருந்து, ஹேம்குண்ட் ஏறுமுன் இரவு தங்கும் ஊரான காங்கரியாவுக்குக் கோவேறு கழுதையில் போகலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஏறி உட்கார்ந்ததுமே அம்மாவுக்குப் பயத்தில் உடம்பு நடுங்கியது. அப்போதுதான் நீங்கள் கண்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தீர்கள். முதுகில் மாட்டும் கூடை அது. உள்ளே உட்காருகிறவர் தூக்குகிறவரின் முதுகோடு முதுகாக, பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். மனிதர் முதுகில் ஏறுவதா என்று அம்மா மறுத்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “எங்க அம்மாவையும் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்” என்றீர்கள். அதை நான் தமிழில் சொன்ன பிறகுதான் அம்மா உட்கார்ந்தார்.

மறுநாள் ஏற முடியவில்லை. காங்கரியாவே 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அம்மாவுக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வந்துவிட்டது. குருத்வாரா கூடத்தில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஜலந்தர் டாக்டரம்மா, நீங்கள் எழுந்துவந்து அம்மா விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, “ஒரு நாள் முழுசாப் படுத்திருக்கணும், குறையலேன்னா கீழே இறங்கிடணும்” என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். உங்கள் கூட்டம் பூப்பள்ளத்தாக்கு பார்க்கக் கிளம்பியும், நீங்கள் போகாமல் மதியமும் மாலையும் வந்து பார்த்தீர்கள். குருத்வாராவில் தொண்டு செய்யும் சேவாதார்கள், நாங்கள் கேட்காமலே கம்பளி மேல் கம்பளியாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு நாள் கூலியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், அண்ணா. தூக்கவே இல்லையே, எதற்குக் கூலி என்று நீங்கள் கேட்டீர்கள்.

காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் 6 கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ராத்திரி அங்கே தங்க யாருக்கும் அனுமதி இல்லை, பகலிலேயே இறங்கிவிட வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பினோம். நீங்கள் முன்னால், நான் பின்னால். கூடையில் அம்மா பின்பக்கம் பார்த்து இருந்ததால், அத்தனை தூரமும் அவர் என் முகத்தைப் பார்த்தபடியே மலை ஏறினார். எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் மேலே இருந்து, “மெதுவா வாப்பா, மெதுவா” என்று குரல் வரும். அது உங்களுக்கும் கேட்கும், உடனே நின்றுவிடுவீர்கள். கூடையை இறக்காமல், கையில் இருந்த கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுவீர்கள். கூடையைத் தாங்கும் நெற்றிப் பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்து வரிவரியாக இருந்தது. வழியில் பிரம்ம கமலம் பூத்திருந்த பாறைப் பக்கம் வந்ததும் அம்மா பார்க்கட்டும் என்று நீங்களாகவே திரும்பி நின்றீர்கள். யார் சொல்லியும் செய்ததில்லை அது.

மேலே போனதும் பனிமூட்டத்துக்குள் முதலில் கண்ணில் பட்டது சீக்கியக் கொடியான நிஷான் சாகிப்பின் கொடிமரம்தான். 4,000 மீட்டருக்கும் மேலே, சுற்றிலும் ஏழு சிகரங்கள், நடுவில் அந்தக் குளம். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்ததாகப் பாடிய இடம் இதுதான் என்று 1930களில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் கல்லில் நடந்ததில் அம்மாவின் கால்விரல்கள் நீலமாகிவிட்டன. கூடத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், பேசாமல் நகர்ந்து வந்து அம்மாவின் இரண்டு கால்களையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “ஐயோ, பெரியவங்க காலைத் தொடக் கூடாது” என்று அம்மா பதறி இழுத்தார். விடவில்லை. சால்வையால் அழுத்தித் துடைத்து, சூடு வரும் வரை தேய்த்து, தன் கால்களில் இருந்த பச்சைக் கம்பளிக் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டார். பிறகு வெறுங்காலோடு எழுந்துபோய் எங்கள் இருவருக்கும் பெரிய டம்ளரில் தேநீர் கொண்டுவந்தார். அவர் எந்த ஊர், யார் என்று கேட்கும் புத்தி அப்போது எனக்கு வரவில்லை. அர்தாஸ் முடிந்து தேடினால் கூட்டத்தில் காணவில்லை.

அர்தாஸ் நேரத்தில் சர்தார்ஜியின் பெயரையும் அப்பாவின் பெயரையும் மனதுக்குள் சொன்னேன். லங்கரில் சுடச்சுடக் கிச்சடி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார்.

குருத்வாராவுக்குச் சில அடி தள்ளி, அதே குளக்கரையில் லட்சுமணன் கோயில் இருக்கிறது. கீழே பியூண்டார் ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பார்த்துவரும் சன்னதி. ஆண்டாள் கோயில் நந்தவனத்துத் துளசியை அம்மா உலர்த்தித் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் பாதியை அங்கே வைத்தார். எங்களோடு வந்த லூதியானாப் பிள்ளைகளும் தலையில் கட்டிய துணியோடு உள்ளே வந்து மணி அடித்துவிட்டுப் போனார்கள்.

மீதிப் பாதித் துளசி பத்ரிநாராயணனுக்கு. திருமங்கையாழ்வார், கிழப்பருவம் வந்து கோலூன்றித் தள்ளாடும் முன்பே வதரியை, அதாவது இந்தப் பத்ரியை, வணங்கிவிடுவோம் என்று பாடியிருக்கிறார். அம்மா கோலூன்றித்தான் போனார். தப்த குண்டத்து வெந்நீரில் முழுகி எழுந்த பிறகு முழங்கால் வலி குறைந்ததாகச் சொன்னார். தரிசன வரிசையில் முன்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகி அம்மாவை முன்னே அனுப்பினீர்கள், உங்களுக்கு நன்றி. பிரம்ம கபாலத்தில் காரியம் செய்துவைத்த தேவபிரயாகைப் புரோகிதருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. நம் பக்கத்து யாத்ரீகர்களோடு பழகிப் பழகிக் கற்றதாம். “அப்பா பேர் சொல்லுங்கோ, நிதானமா சொல்லுங்கோ” என்றார். அளகநந்தாவின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் வாயருகே காதை வைத்துக் கேட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

லூதியானா வீட்டுக்குப் பால்கோவா அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அத்தனை நாள் தாங்காதே என்று கடலை மிட்டாயும் முறுக்கும் அனுப்பினோம். வந்து சேர்ந்துவிட்டது என்று பாட்டி போனில் பேசினார். இவர் தமிழில், அவர் பஞ்சாபியில், கால் மணி நேரம்.

பச்சைக் காலுறை துவைத்து மடித்து பீரோவில் இருக்கிறது. அதைக் கொடுத்த பாட்டி இதைப் பார்க்க நேர்ந்தால், அல்லது அவர் வீட்டில் யாராவது பார்த்தால், தயவுசெய்து ஒரு வார்த்தை தெரியப்படுத்துங்கள்.

அண்ணா, நீங்கள் அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டு யாத்திரை தொடங்கியதும் திரும்பி வருவதாகச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. உங்களுக்காக அம்மா கம்பளியில் ஒரு நெற்றிப் பட்டை பின்னிக்கொண்டிருக்கிறார், உள்பக்கம் மெத்தென்று இருக்க இரட்டை மடிப்பு வைத்து. அந்தப் பக்கம் யாத்திரை போகிறவர்கள் யாராவது மதுரை வழியாக வந்தால் சொல்லுங்கள், கொடுத்து அனுப்புகிறேன். புல்னா ஜீப் நிற்கும் இடத்தில், தமிழ்நாட்டு அம்மா ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனவர் யார் என்று கேட்டால் போதும்.