கலியாணமாகாத பிள்ளைகளும் பெண்நோயியல் கிளினிக்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

மாதவிடாய்க் கோளாறுக்கு வைத்தியரிடம் போக இளம் பெண்பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று சொல்லுவோம். வெட்கத்தைவிடப் பயமே பெரிது. ‘உள்ளுக்குப் பார்ப்பினமாம்’ என்று யாரோ சொன்ன ஒரு கதை போதும், பிள்ளை அந்தப் பக்கமே போகாது.

உடலுறவு அனுபவம் இல்லாத பெண்ணுக்கு உட்பரிசோதனை வழமையாகச் செய்வதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. சில கேள்விகள், வயிற்றை மேலால் அமத்திப் பார்த்தல், இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் ஸ்கான். அதுவும் அடிவயிற்றில் ஜெல் பூசித்தான். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே நாலைந்து கிளாஸ் தண்ணீர் குடித்து, சலம் கழிக்காமல் போகவேண்டும். சலப்பை வெறுமையாக இருந்தால் குடலில் உள்ள காற்று மறைத்து, கருப்பையும் சூலகமும் தெளிவாகத் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் காத்திருக்கவேண்டியதுதான். இவ்வளவையும் கிளினிக் வாசலில் எழுதி ஒட்டினாலே பாதிப் பயம் போய்விடும்.

மற்றப் பாதி பதிவு மேசையில் இருக்கிறது. கர்ப்பிணிகள் நிறைந்த வாங்கில்களுக்கு நடுவே, ‘கலியாணம் முடிச்சாச்சோ?’ என்று உரத்துக் கேட்டால் எந்தப் பிள்ளை இரண்டாம் முறை வரும்? உடலுறவு பற்றி வைத்தியர் கேட்கத்தான் வேண்டும். அதை உள்ளே, தாயை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்கலாம். பதினெட்டு வயதானவர் தனியாகவே வரலாம். பரிசோதிக்கும்போது தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டுமென்று கேட்கவும் தயங்கக்கூடாது.

போகும்போது கடைசி மூன்று மாதத் திகதிகள், இரத்தம் போன நாட்கள், நாளுக்கு எத்தனை பாட் என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பாட் நனைவது, மூன்று மாதமாக வராதது, 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாதது, பள்ளிக்கூடம் போகமுடியாத நோ எல்லாம் காட்டவேண்டியவை. ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் நோவும் சத்தியும் வந்தால் கிளினிக் நாளைப் பார்க்கவேண்டாம். சூலகம் முறுகியிருக்கலாம்; மணித்தியாலக் கணக்கில் அது பழுதாகும்.

‘கலியாணம் கட்டினால் சரிவரும்’ என்பது எங்கள் வீடுகளின் பழைய வைத்தியம். சூலகக் கட்டிக்குச் சாதகம் பார்க்கத் தெரியாது. இதே வீடுகள்தான் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தீட்டைத் தள்ளிப்போடப் பாமசியில் கேட்டுக் குளிசை வாங்குகின்றன. அது ஓமோன். இரத்தக்கட்டி வரலாறு உள்ளவருக்கு ஆபத்தானது. வைத்தியரிடம் போகப் பயம், இதற்குப் பயமில்லை!

கர்ப்பிணிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர், கலியாணமாகாத பிள்ளை உள்ள வீட்டுப் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தினால் ஊர் கதைக்கும். பாடசாலைக்கு அவர் வந்தால் யாரும் கதைக்கமாட்டார்கள். 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. அந்த இரண்டு நாளிலும் தாய்மாரையும் கூப்பிட்டு, கால்மணி நேரம் இவற்றைச் சொல்லிக் கொடுக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஒழுங்கு செய்யவேண்டும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர்,
கோண்டாவில்.