ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்சும் நம்ம சங்கமும்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆண்டறிக்கைன்னா எத்தனை கூட்டம் நடந்துச்சு, யார் யார் வந்தாங்கன்னு வாசிச்சுட்டு டீ குடிக்கப் போறதுதான் நம்ம வழக்கம், ஆனா இந்த வருஷம் பாத்த வேலை பூரா செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சை சுத்தியே இருந்ததால அதைத்தான் நீளமா எழுதியிருக்கேன். ரெண்டு மாசக் கூட்டம் மழையில நடக்கல. கணக்கை பொருளாளர் வாசிப்பாரு.

ஊர்ல இத்தனை பழைய கட்டடம் இருக்க ஏன் இதையே புடிச்சுட்டு இருக்கீங்கன்னு போன கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு. 2029 ஏப்ரல் 23 வந்தா அடிக்கல் வச்சு 200 வருஷம் ஆகுது, அதான். 1829-ல நாலாம் ஜார்ஜ் ராஜாவோட பிறந்தநாள்னு அந்த தேதியில மெட்ராஸ் கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் கல்லு வச்சாரு. ராஜா நிஜமா பொறந்தது ஆகஸ்ட் 12, ஏப்ரல் 23 கொண்டாட்டத்துக்குன்னு வச்சுக்கிட்ட தேதி, நம்மாளுங்களுக்கு ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒண்ணு ஜாதகத்துல ஒண்ணுன்னு இருக்குமே அது மாதிரி. கவர்னர் பேரும் ஸ்டீபன், கோயில் பேரும் ஸ்டீபன், அது தற்செயல்னு நம்புறவங்க நம்பிக்கலாம்.

பிளான் போட்டது கேப்டன் அண்டர்வுட், செலவு 24,000 ரூபாய். அப்ப மெட்ராஸுக்குன்னு தனி பிஷப்பே கிடையாது, 1835-லதான் வந்தாரு, அதனால கல்கத்தா பிஷப் டர்னர் அங்கிருந்து இந்த மலைக்கு வந்து 1830 நவம்பர் 5-ல பிரதிஷ்டை பண்ணிட்டுப் போனாரு, அடுத்த ஜூலையில அவரே காலமாயிட்டாரு. ஜனங்களுக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. அதே ஏப்ரல் 3-ல அஞ்சு வருஷம் முன்னாடிதான் இன்னொரு கல்கத்தா பிஷப், ஹீபர், திருச்சியில குளிக்க இறங்கின இடத்துல இறந்துபோனாரு. 1947-ல சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, உருவானப்ப இந்த சர்ச்சும் அதுக்குள்ள வந்துச்சு.

இனி உத்தரம் பஞ்சாயத்து. சர்ச்சை சுத்திக் காட்டுற ஞாயித்துக்கிழமை நடையில நம்ம ஆளு ஒருத்தர் டூரிஸ்ட்டுங்க கிட்ட "இது திப்பு சுல்தான் அரண்மனையைப் பேத்து எடுத்து கட்டின சர்ச்"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, இன்னொருத்தர் "அப்ப திப்பு இங்க வந்து ஜெபம் பண்ணாரான்னு கேப்பாங்க, அளந்து பேசுங்க"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. கமிட்டியில பேசி முடிவு பண்ணது: 1799-ல திப்பு விழுந்தப்புறம் ஸ்ரீரங்கப்பட்டணம் கம்பெனிக்காரங்க கைக்குப் போச்சு, அங்க இருந்த லால்பாக் அரண்மனையோட பெரிய உத்தரமும் மரச்சாமானும் யானை வச்சு இழுத்து மலைக்குக் கொண்டுவந்தாங்க, சுவர் இங்கயே கட்டினது. இதுக்கு மேல யாரும் சேத்துச் சொல்ல வேண்டாம். இன்னைக்கு ரோட்டுலயே அது 140 கிலோமீட்டர் கிட்ட வரும், அப்ப எப்படி ஏத்தினாங்களோ. மேற்குச் சுவர்ல இருக்கிற கடைசி இராப்போஜனப் படத்தை பாத்துட்டு எல்லாரும் கிளம்பிடறாங்க, கொஞ்சம் அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க.

எனக்கு மனசு நின்னது பின்னாடி மேட்டுல இருக்கிற கல்லறைத் தோட்டத்துலதான். ஊட்டியை ஊராக்கினது கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், கல் பங்களா அவரு கட்டினது, ஏரியும் அவரு வேலைதான். லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகல. ஆனா சல்லிவனோட சம்சாரம் ஹென்ரியேட்டாவும் மக ஹாரியட்டும் லஷிங்டன் கல்லு வச்ச இந்த சர்ச் மண்ணுலதான் கிடக்காங்க, அவரு 1855-ல இங்கிலாந்துல செத்து அங்கயே அடக்கம். பேர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதால நம்ம நோட்டுல மூணு இடத்துல அம்மாவை மகளா எழுதி வச்சிருந்தோம், திருத்தியாச்சு.

கல்லுல இருக்கிற எழுத்தை நகல் எடுக்கிற வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. பாசி புடிச்ச கல்லுல நேரா நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, காலையில வெயில் சாய்வா விழறப்ப, இல்லாட்டி டார்ச்சை கல்லுக்கு ஒட்டி பக்கவாட்டுல புடிச்சா எழுத்தோட குழி நிழலா எந்திரிச்சு வரும், ஒரு 'எஸ்' எழுத்து அப்படி தெரிஞ்சதும் எங்களுக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. ஒரு தம்பி ஆர்வத்துல கம்பி பிரஷ் போட்டு தேச்சு ஒரு கல்லுல மேல்தோலே உரிஞ்சு போச்சு. தப்பு எங்க மேலதான், முன்னாடியே சொல்லியிருக்கணும். ஆயர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டோம், அவரு திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

துண்டுப் பிரசுரம் அச்சடிச்சது பத்தி கேக்காதீங்க. ரெண்டு தடவை புரூஃப் திருத்திக் கொடுத்தும் 1829-ங்கறது 1892-ன்னு வந்துச்சு, பிரஸ்காரர் ஒத்துக்கல, கையால ஸ்டிக்கர் ஒட்டினோம். மிச்சம் ஒரு கட்டு என் வீட்டுல கிடக்கு, வேணுங்கறவங்க வாங்கிக்கலாம்.

அடுத்த வருஷம் மீதிக் கல்லுகளை முடிக்கணும், 2029-க்கு சபையார் என்ன செய்யப் போறாங்கன்னு கேட்டு நம்மளால ஆனது செய்யணும். முதல் நடை மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு. வர்றவங்க தண்ணி பாட்டிலும் மெத்துன்னு இருக்கிற பழைய பிரஷும் கொண்டு வாங்க, கம்பி பிரஷ் யார் கையில பாத்தாலும் புடுங்கி வச்சுக்குவேன்.

இப்படிக்கு,
செயலாளர்