உள்ளூர்ச் சாரணர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பெற்றோர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். சென்ற ஆண்டு காலை 10 மணிக்கு அழைக்கப்பட்ட பொதுக்குழுவில் விதிப்படி தேவையான எண்ணிக்கை 11.15 மணிக்குத்தான் நிறைந்தது என்பதால், இவ்வாண்டு அழைப்பிதழில் 9.30 என்று அச்சிடச் செய்துள்ளேன்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றம் நடைபெற்றது. ஆகஸ்ட் 1 ஸ்கார்ஃப் (சாரணர் கழுத்துத்துணி) நாளும், நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்க நிறுவன நாளும், பிப்ரவரி 22 சிந்தனை நாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நட்ட 20 மரக்கன்றுகளில் 7 இன்றும் உயிரோடு உள்ளன. ஃபெஞ்சல் புயல் மழையால் டிசம்பர் 1 ஞாயிறு அணிக்கூட்டம் நடைபெறவில்லை. ஆண்டு முடிவில் நம் குழுவில் குருளையர் (சாரணராகும் வயது வராத சிறுவர்) 18 பேரும் சாரணர் 23 பேரும் இருந்தனர். திரி சாரணர் (இயக்கத்தின் இளைஞர் பிரிவினர்) பதிவேட்டில் 6 பேர். மைதானத்தில் 2 பேர். மற்ற நால்வரும் வேலை கிடைத்து ஓசூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டார்கள். அவர்களை வாழ்த்துவதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்குக் குறைவில்லை என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லும். பெரியவர்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் சாரணர் படையை ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று நடத்துவார். அவர் மாறுதலாகிப் போனால் தலைமையாசிரியர் இன்னொருவரிடம் ஒப்படைப்பார். எந்தப் பள்ளியையும் சாராத திறந்த குழுவான நமக்கு அந்த வசதி இல்லை. பெற்றோரும் முன்னாள் சாரணர்களும் தாமாக முன்வந்தால்தான் உண்டு. ஏட்டின்படி குழுத் தலைவர், சாரண ஆசிரியர், உதவிச் சாரண ஆசிரியர்கள் மூவர், குருளையர் பொறுப்பாளர், அவருக்கு உதவியாளர் இருவர் என 8 பெரியவர்கள் நமக்கு இருக்கிறார்கள். இவர்களில் சாரண ஆசிரியர் ஜூன் மாதம் பணிமாறுதல் பெற்றுத் தூத்துக்குடிக்குச் சென்றுவிட்டார். அவருடைய இடத்தை 22 வயதுள்ள திரி சாரணர் ஒருவர், யாரும் கேட்காமலே, ஞாயிறுதோறும் நிரப்பி வருகிறார். வருகைப் பதிவேட்டை நானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: ஆண்டில் நடந்த 44 அணிக்கூட்டங்களில் பெரியவர்கள் இருவராவது வந்திருந்தவை 27 மட்டுமே.

ஒரு படையில் 32 பேருக்குமேல் இருக்க வேண்டாம் என்று எழுதிய சாரண இயக்க நிறுவனர் பேடன் பவல், தம்மால் 16 சிறுவர்களைத்தான் முறையாகக் கவனிக்க முடிந்தது என்றும், மற்றவர்கள் தம்மைவிட இருமடங்கு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டு 32 என்று சொல்வதாகவும் அதற்குக் காரணம் காட்டியிருக்கிறார். நம் திரி சாரணர் சில ஞாயிறுகளில் குருளையரையும் சேர்த்து 41 பேரைத் தனியாகக் கவனித்தார். அந்தக் கணக்கில் அவர் என்ன திறமைசாலி என்பதை உறுப்பினர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 15ஆம் நாள் நடந்ததை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அன்று அந்தத் திரி சாரணருக்குக் காய்ச்சல். கயிறுகள், கொடி, முதலுதவிப் பெட்டி எல்லாம் வைத்திருக்கும் அறையின் ஒரே சாவி, திருப்பூருக்குத் திருமணத்திற்குச் சென்றிருந்த உதவிச் சாரண ஆசிரியர் ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. தகவல் கிடைத்து நான் மைதானத்தை அடைந்தபோது மணி 7.20. பூட்டிய கதவின் முன் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிச் சென்றேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் அணித்தலைவன் ஒருவன் எல்லோரையும் வேப்பமரத்தடியில் அணிவாரியாக நிறுத்தி, நகச் சோதனையை முடித்துவிட்டு, கயிறு இல்லாததால் ஸ்கார்ஃபைக் கழற்றச் சொல்லி அதிலேயே ரீஃப் முடிச்சு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். குருளையன் ஒருவனுக்கு முடிச்சு இருமுறை நழுவியது. "முதலில் இடதை வலதின் மேல் போடு, அடுத்ததில் வலதை இடதின் மேல் போடு, நீ இரண்டு தடவையும் ஒரே பக்கம் போடுகிறாய்" என்று அவன் பொறுமையாகச் சொன்னான். அணிமுறை என்பது, அதாவது அணித்தலைவனே தன் அணியை நடத்துவது என்பது, இதுதான் என்று மகிழ்ந்தது உண்மை. ஆனால் வாசலில்லாத அந்த மைதானத்தில், சாலையோரத்தில், 30க்கும் மேற்பட்ட பிள்ளைகள் 35 நிமிடம் ஒரு பெரியவர்கூட இல்லாமல் இருந்தார்கள் என்பதும் உண்மை. மறுநாளே 4 மாற்றுச் சாவிகள் செய்யப்பட்டன. செலவு ரூ.240.

கடந்த ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை வெளிவந்த பிறகு, நம் பெற்றோர் பலர் என்னிடம் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார்கள்: "முகாமில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் யார், அவர்களை யார் நியமித்தது?" பயிற்சியும் முறையான நியமனமும் பெற்றவர்களே பொறுப்பில் இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது, குறைந்தது இருவர் எப்போதும் இருக்க வேண்டும். செப்டம்பர் செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினோம். கை தூக்கிய 9 பேரில் அதன்பின் மைதானத்திற்கு வந்தவர்கள் 3 பேர். ஆள் இல்லாமல் அந்த இருவர் விதி எப்படி நிறைவேறும் என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் 11 பேர் சேர விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஓராண்டாகக் காத்திருக்கிறார்கள். சாரணியர் படையை நடத்த ஒரு பெண்மணியாவது பொறுப்பேற்க வேண்டும். இதுவரை எவரும் முன்வரவில்லை.

இந்நிலையை மாற்றவே ஜூலை மாதம் 'பொறுப்பேடு' என்னும் திட்டத்தைத் தொடங்கினேன். அதற்கு ரூ.4,860 செலவிட்டதைக் குறித்து என் காதுபடவும் காதுபடாமலும் பேசப்பட்டதால், அதன் நோக்கத்தை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். உதவிச் சாரண ஆசிரியராக வாருங்கள் என்று கேட்டால், அது ஏதோ வாழ்நாள் கடன் என்று அஞ்சி எல்லோரும் பின்வாங்குகிறார்கள், அல்லது பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். ஆகவே அந்த ஒரு பொறுப்பில் அடங்கிய வேலைகளை 14 சிறு பணிகளாகப் பிரித்தேன். அறையைத் திறப்பது, வருகை எடுப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது, கயிறுகளைக் காயவைப்பது, முகாமுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்குவது, சோபான் என்னும் சாரணர் படிநிலைத் தேர்வுக்கான குறிப்பேடுகளைச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு, மாதத்தில் எத்தனை நேரம் என்று எழுதி, அச்சிட்டு, எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜெராக்ஸ் எடுத்திருந்தால் போதுமே என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முந்தைய ஆண்டு ஜெராக்ஸ்தான் எடுத்தோம், அதில் ஒரு தாளை மைதானத்துச் சுண்டல் கடையில் பொட்டலமாகக் கண்டேன்.

பலன் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 14 பணிகளுக்கு 9 பெயர்கள் வந்தன. ஆண்டு முடிவில் செய்துகொண்டிருப்பவர்கள் 5 பேர். ஆனால் அந்த ஐவரில் ஒருவர் ஒரு குருளையனின் பாட்டி, ஓய்வுபெற்ற செவிலியர். முதலுதவிப் பெட்டியைப் பொறுப்பேற்ற முதல் நாளே அதைத் திண்ணையில் கொட்டிப் பிரித்து, காலாவதியான களிம்பு இரண்டையும், மூடி இறுகித் திறக்கவே முடியாத டிங்சர் புட்டியையும், எவரோ உள்ளே வைத்து மறந்த பேருந்துச் சீட்டுகளையும் வெளியே எடுத்து வைத்தார். மூன்று ஆண்டுகளாக அப்பெட்டியைச் 'சரிபார்த்தேன்' என்று பதிவேட்டில் கையொப்பமிட்டவர்கள் யார் என்பதை இங்கே எழுதவில்லை. அவற்றில் இரண்டு கையொப்பங்கள் என்னுடையவை.

மணப்பாறை சிப்காட் வளாகத்தில் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடந்த வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்பூரி எனப்படும் சாரணர் பெருமுகாம்), நமக்கு இவ்வளவு அருகில் மீண்டும் எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாத ஒன்று. இரண்டு அணிகளாக 16 சாரணர்களை அனுப்புவது என்றும், உடன் 4 பெரியவர்கள் செல்வது என்றும் முடிவு செய்தோம். பொங்கலுக்குள் ஒருவருக்குப் புதுமனை புகுவிழாவும், ஒருவருக்கு விடுப்பு மறுப்பும் வந்துவிட்டன. மூன்றாமவரின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. எஞ்சியது அந்தத் திரி சாரணர் மட்டுமே. நான் விடுப்பெடுத்து உடன் சென்றேன். ஆயினும் இருவரால் ஒரு வாரம் 16 பேரைக் கவனிக்க இயலாது என்பதால் 8 பேரையே அழைத்துச் சென்றோம். மற்ற 8 பேரின் பெற்றோருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் என்னிடம் பேசியதை இங்கே எழுதுவது முறையாகாது. உடன் வருவதாகச் சொல்லிவிட்டு வராத அந்த மூவரில் ஒருவர் பிப்ரவரி 2 ஞாயிறன்று குடும்பத்தோடு வந்து, என் ஸ்கார்ஃபைக் கேட்டு வாங்கி அணிந்து, அலங்கார வளைவின்கீழ் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படமே இப்போது நம் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது.

7 நாள் அடிப்படைப் பயிற்சிக்கு இருவரைச் சங்கச் செலவில் அனுப்பினோம். ஒருவர் முடித்துத் திரும்பினார், மற்றவர் மூன்றாம் நாள் திரும்பினார். முடிச்சுப் போடப் பெரியவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று ஆண்டுதோறும் ஓர் உறுப்பினர் கேட்கிறார். 1907 இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களோடு முதல் முகாம் நடத்திய பேடன் பவலே 1919 இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் பெரியவர்களுக்கென்று தனிப் பயிற்சி தொடங்க வேண்டியிருந்தது. முடிச்சுக்காக மட்டும் அது தொடங்கப்படவில்லை என்று மட்டும் அந்த உறுப்பினருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் அடுத்த செயற்குழுவில் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கவலைப்படும் அளவுக்கு இல்லை, மகிழும் அளவுக்கும் இல்லை. உறுப்பினர் 62 பேரில் ஆண்டுச் சந்தா ரூ.300 செலுத்தியவர்கள் 27 பேர். மற்றவர்களுக்கு மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் கூப்பிய கைகளின் படம் தவறாமல் பதிலாக வந்தது.

மைதானத்தை இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்த நிர்வாகத்திற்கும், மாவட்டச் சங்க ஆணையர் அவர்களுக்கும், நீர்மோர் வழங்கிய அன்பருக்கும், மணப்பாறைக்கு வேன் கொடுத்துதவிய பெற்றோருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டைப் பற்றி. சாரண ஆசிரியர் பொறுப்பு ஜூன் முதல் காலியாகவே உள்ளது. நம் திரி சாரணர் ஆகஸ்டில் வேலைக்காகக் கோயம்புத்தூர் செல்ல இருக்கிறார். அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. செயலாளராகவும், குருளையர் கூட்டத்திற்கு அவ்வப்போது பதிலாளாகவும், சாவிக்காரனாகவும் ஒருவரே இருப்பது இயக்க நெறிக்குப் பொருந்தாது என்பதை நான் அறிவேன். எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது. இப்பொறுப்பில் தொடர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. அதே நேரத்தில் ஏட்டை மூடிவிட்டுப் போகவும் மனமில்லை. அடுத்த அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் அனுப்ப இம்மாத இறுதிவரை நேரம் இருக்கிறது; கட்டணத்தைச் சங்கமே ஏற்கும். பொறுப்பேட்டில் 9 பக்கங்கள் இன்னும் வெறுமையாக உள்ளன. அது பொதுக்குழு முடியும்வரை நுழைவாயில் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்தின் பக்கத்தில், பேனாவோடு வைக்கப்பட்டிருக்கும். நான்கு மாற்றுச் சாவிகளில் இரண்டும் அங்கேயே இருக்கும்.

பணிவுடன்,
செயலாளர்