வரி என்ன மொய்யா?

ஈஸ்ட் ஹாம், லண்டன்
9-12-2012, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு, கோமதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் ஸ்டார்பக்ஸ் பற்றிப் பேசும்போது, "காப்பிக் கடைக்காரன் வரியே கட்டவில்லையாமே, அந்த ஊர் வரி அலுவலகம் தூங்குகிறதா?" என்று கேட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருநெல்வேலி வணிகவரி அலுவலகத்தில் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியவருக்கு இரண்டு வார்த்தைகளில் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்டு முடித்த பிறகு இந்த ஒரே வாரத்துக்குள் நடந்தவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். நான் வேலை பார்க்கும் கணக்கர் அலுவலகத்தில், சிறு கடைகளுக்கும் துப்புரவு ஒப்பந்தக்காரர்களுக்கும் மாதச் சம்பளப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. நம் ஊர் டி.டி.எஸ். போலவே இங்கும் வருமான வரி, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்பட்டுவிடும், அதற்கு பி.ஏ.ஒய்.இ. என்று பெயர். அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.19 பவுண்ட். அந்தக் கூலிக்கு வாரம் நாற்பது மணி நேரம் அலுவலகக் கழிப்பறைகளைக் கழுவும் ஒரு பெண்மணிக்கு ஆண்டு முழுவதும் சேர்ந்து சுமார் 12,875 பவுண்ட் வரும். அதில் முதல் 8,105 பவுண்டுக்கு வரி இல்லை. மீதிக்கு 20 சதவீதம் என்று சுமார் 950 பவுண்ட் வருமான வரியாகவும், அதற்கு மேல் ஓய்வூதியம் போன்றவற்றுக்கான தேசியக் காப்பீட்டுக்கு சுமார் 630 பவுண்டும் போய்விடுகின்றன. அவர் யாரிடமும் வாதாட முடியாது. பணக்காரர்கள் வரிக்குத் தப்பிப் போகும் பெர்முடா தீவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் கை என்னுடையது என்பதால்தான் இந்த விவாதத்தை என்னால் வெறும் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

இந்த ஆண்டின் சண்டை மார்ச் 21-ஆம் தேதி நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பட்ஜெட் வாசித்தபோது தொடங்கியது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களின் 50 சதவீத வரியை, வரும் ஏப்ரலிலிருந்து 45 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். அதே உரையில், முதியவர்களுக்கு இருந்த கூடுதல் வரிவிலக்கு வரம்பு இனி உயராது என்றும் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் அதற்குப் 'பாட்டி வரி' என்று பெயர் சூட்டிவிட்டன. அடுத்து வந்ததுதான் பேஸ்டி வரி. பேஸ்டி என்பது நம் சோமாசி வடிவில், ஆனால் உள்ளங்கையைவிடப் பெரிதாக, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுடுகிற தின்பண்டம். தொழிலாளிகளின் மதிய உணவு. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக விற்றால் அதற்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி என்றார்கள். நீங்கள் பணியில் இருந்திருந்தால் தெர்மாமீட்டர் கேட்டு இண்டென்ட் போட்டிருப்பீர்கள். கடைசியாக எப்போது பேஸ்டி வாங்கினீர்கள் என்று நாடாளுமன்றக் குழுவில் கேட்டதற்கு ஆஸ்போர்ன் நினைவில்லை என்றார். பிரதமர் கேமரன், தான் லீட்ஸ் ரயில் நிலையத்தில் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்ல, அவர் சொன்ன கடை எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் கண்டுபிடித்தன. மே மாத இறுதியில் அரசு பின்வாங்கியது. சுட்டெடுத்து ஆறிக்கொண்டிருக்கும் பேஸ்டிக்கு வரி இல்லை.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகும் அந்த 50 சதவீதக் கணக்கு என்னை விடவில்லை. குறைத்ததால் அரசுக்கு ஏற்படும் இழப்பு வெறும் 10 கோடி பவுண்ட் என்றார்கள். ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டால், அந்த வரி எதிர்பார்த்த அளவு வசூலாகவே இல்லை என்பது பதில். ஏன் வசூலாகவில்லை என்று மேலும் கேட்டால் விஷயம் வெளியே வருகிறது. 2010 ஏப்ரலில் அந்த வரி அமலாகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், பணக்காரர்கள் 1,600 முதல் 1,800 கோடி பவுண்ட் வரையிலான வருமானத்தை அதற்கு முந்தைய ஆண்டிலேயே பங்கு ஈவாகவும் வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டுவிட்டதாக வரித்துறையின் அறிக்கையே மதிப்பிடுகிறது. அதாவது, வரியிலிருந்து நழுவத் தெரிந்தவர்கள் நழுவினார்கள். நழுவிவிட்டார்கள் என்பதையே காரணமாகக் காட்டி அவர்களுக்கு வரி குறைக்கப்பட்டது. வரிஏய்ப்பும், அத்துமீறிய வரித்தவிர்ப்பும் ஒழுக்கரீதியில் அருவருப்பானவை என்று அதே பட்ஜெட் உரையில்தான் ஆஸ்போர்ன் சொன்னார் என்பதை நினைத்தால், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏய்ப்பு வேறு, தவிர்ப்பு வேறு என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். பில் போடாமல் விற்பது ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் ஓட்டை வழியே நடந்து போவது தவிர்ப்பு, அது குற்றமில்லை. இந்த வேறுபாட்டுக்கு இங்கே பழைய கதை ஒன்று உண்டு. 1930-களில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தன் தோட்டக்காரருக்குச் சம்பளமாகக் கொடுப்பதை, ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஆண்டுத் தொகையாகக் கொடுப்பதுபோல் மாற்றினார். சம்பளத்தை வரியில் கழிக்க முடியாது, பத்திரப்படி கொடுக்கும் தொகையைக் கழிக்கலாம். வழக்கு அன்று இந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், சட்டம் அனுமதிக்கும் வழியில் வரியைக் குறைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பை, அது பிறந்த மண்ணிலேயே புதைத்தாகிவிட்டது என்று 1985-இல் மெக்டவல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதியதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது விற்பனை வரி வழக்கு என்பதில் உங்களுக்கு இருந்த பெருமையும் நினைவிருக்கிறது. ஆனால் பெரியப்பா, அந்தப் பிணம் இன்னும் நடமாடுகிறது. ஜூன் மாதம் ஜிம்மி கார் என்ற நகைச்சுவைக் கலைஞர், கே2 என்ற ஜெர்சித் தீவு வரித்தவிர்ப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தது வெளியானது. சம்பளத்தை ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டு அதைக் கடனாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வழி. கடனுக்கு வருமான வரி ஏது? சட்டத்தை அவர் மீறவில்லை. பிரதமர் அதை ஒழுக்கக்கேடு என்றார், ஜிம்மி காரும் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்.

இனி உங்கள் காப்பிக் கடை. ஸ்டார்பக்ஸ் 1998-இல் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து 300 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருக்கிறது. கட்டிய நிறுவன வரி 86 லட்சம் பவுண்ட். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அக்டோபரில் இதை வெளியிட்டது. வழி எப்படி என்று கேட்பீர்கள். பெயரையும் செய்முறையையும் பயன்படுத்துவதற்காக, விற்பனையில் 6 சதவீதத்தை ராயல்டியாக நெதர்லாந்திலுள்ள சொந்தக் கம்பெனிக்கே கொடுக்கிறார்கள். காப்பிக் கொட்டையை சுவிட்சர்லாந்திலுள்ள இன்னொரு சொந்தக் கம்பெனி 20 சதவீதம் கூடுதல் விலை வைத்து விற்கிறது. போதாததற்குத் தாய்க் கம்பெனியிடம் வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. எல்லாம் போக, பிரிட்டன் கிளையின் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு நட்டம். முதலீட்டாளர்களிடம் பேசும்போது மட்டும் அதே கிளை நன்றாக லாபம் தருகிறது. வலது சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு, வலது பை காலி என்று காட்டுவதற்கு இத்தனை நாடுகள் தேவைப்படுகின்றன. அமேசானின் கிடங்குகள் இங்கே, வாங்குபவர்கள் இங்கே, ஆனால் பில் போடுவது லக்சம்பர்க்கில். 2011-இல் 335 கோடி பவுண்ட் விற்பனைக்குக் கணக்கில் வந்த வரி 18 லட்சம். கூகுளின் பில் அயர்லாந்து வழியாகப் போகிறது.

நவம்பர் 12-ஆம் தேதி இந்த மூன்று கம்பெனிகளையும் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரவழைத்தது. தலைவர் மார்கரெட் ஹாட்ஜ் விட்டுவைக்கவில்லை. சட்டவிரோதம் என்று உங்களைக் குற்றம் சாட்டவில்லை, ஒழுக்கம் தவறியது என்றே சொல்கிறோம் என்றார். தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போல அந்த அம்மையார் கேட்ட கேள்விகளை நான் மதிய உணவை மறந்துவிட்டு இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. புதன்கிழமை ஆஸ்போர்ன் இலையுதிர்கால நிதியறிக்கை வாசித்தார். வரித்தவிர்ப்பைத் துரத்த வரித்துறைக்கு 7 கோடி 70 லட்சம் பவுண்ட் என்றார். அதே மூச்சில், 2010-இல் 28 சதவீதமாக இருந்த நிறுவன வரி 2014-இல் 21 ஆகும் என்றார். வேலை செய்யும் வயதிலுள்ளோருக்கான பெரும்பாலான உதவித் தொகைகள் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் மட்டுமே உயரும் என்றும் அறிவித்தார். விலைவாசி உயர்வு 2.7 சதவீதமாக இருக்கும்போது இதை உயர்வு என்று எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை ஸ்டார்பக்ஸ், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி பவுண்ட் கட்டுவதாக அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் சிலர் இதை வெற்றி என்று மகிழ்ந்தார்கள். எனக்கு நீங்கள் தாம்பரம் அத்தையின் வியாபாரத் தகராறில் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது: "வரி என்ன மொய்யா, அவரவர் மனசுபோல எழுதுவதற்கு?" தொகையைத் தானே முடிவு செய்து, ஆண்டுகளையும் தானே எண்ணி, ஊரார் கோபம் தணிய எழுதும் மொய் இது. துப்புரவுப் பெண்மணி 950-க்குப் பதிலாக 200 எழுதுகிறேன் என்று சொன்னால் என் மேசைக்கு என்ன வந்து சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். நேற்று, அரசின் செலவுக் குறைப்பையும் வரித்தவிர்ப்பையும் எதிர்க்கும் யு.கே. அன்கட் என்ற குழுவினர் நாடு முழுவதும் ஸ்டார்பக்ஸ் கடைகளுக்குள் புகுந்து, அரசு மூடிவரும் குழந்தைக் காப்பகங்களையும் பெண்கள் அடைக்கல இல்லங்களையும்போல அவற்றை மாற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் குழுவின் முதல் போராட்டம் 2010 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு தெரு வோடஃபோன் கடையில் நடந்தது. லக்சம்பர்க் கிளை தொடர்பான வரி வழக்கை வோடஃபோன் 125 கோடி பவுண்டுக்கு முடித்துக்கொண்டதும், வரவேண்டியது 600 கோடி என்று இவர்கள் சொன்னதும், வரித்துறை அதை மறுத்ததும் இங்கே பழங்கதை. அதே வோடஃபோன் ஹட்சிசனின் இந்தியத் தொழிலை கேமன் தீவுக் கம்பெனி ஒன்றின் வழியாக வாங்கியதற்கான வரி வழக்கில், இந்த ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றத்தில் வென்றதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மார்ச் 16-இல், அப்போது நம் நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஏப்ரலில் ஆஸ்போர்ன் டில்லிக்கு வந்து, இது முதலீட்டுச் சூழலைக் கெடுக்கும் என்று கவலை தெரிவித்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், பார்க்ளேஸ் வங்கியின் வரித்திட்டம் ஒன்றை இதே ஆஸ்போர்னின் அமைச்சகம் முன்தேதியிட்டு அடைத்திருந்தது. வரித்தவிர்ப்புக்கு எதிரான பொதுவிதி என்று முகர்ஜி அறிவித்ததைப் போன்ற ஒன்றை ஐந்தே நாளில் ஆஸ்போர்னும் தன் பட்ஜெட்டில் அறிவித்தார். உள்ளூரில் ஒரு நியாயம், வெளியூரில் ஒரு நியாயம்.

நான் மட்டும் உத்தமி என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் மளிகைக்கடைக்காரருக்கு, கடையை லிமிடெட் கம்பெனியாக்கி, தேசியக் காப்பீடு தொடங்கும் அளவுவரை மட்டும் சம்பளமாக எடுத்துக்கொண்டு, மீதியைப் பங்கு ஈவாக எடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்வது நானே. அவர் மிச்சப்படுத்துவது ஆண்டுக்குச் சில நூறு பவுண்ட். ஆனால் கோமகன் தோட்டக்காரருக்கு எழுதிய பத்திரத்துக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு. பத்தாயிரத்துக்குக் குறைவான பாக்கிக்கும், வரவேண்டியது வரவேண்டியதுதான் என்று நோட்டீஸ் அனுப்பிய நீங்கள் இதை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள்.

வரும் ஏப்ரலிலிருந்து எங்களுக்கு வேலை கூடுகிறது. இதுவரை ஆண்டு முடிவில் அனுப்பிவந்த சம்பள விவரங்களை, இனி ஒவ்வொரு சம்பள நாளிலும் அல்லது அதற்கு முன்பே, ஆள் வாரியாக வரித்துறையின் கணினிக்கு அனுப்ப வேண்டும். வாரக்கூலி வாங்குபவர்களுக்கு வாராவாரம். அதற்கான மென்பொருளைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். துப்புரவு ஒப்பந்தக்காரரின் பட்டியலில் நாற்பத்தோரு பேர். அவர்களுடைய பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் எல்லாவற்றையும் நாளை முதல் சரிபார்க்கத் தொடங்க வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஊருக்கு வருபவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
கோமதி